குழாய் இல்லாத அழுக்கு: பிவா ஏரி சொல்லும் கணக்கு



இது நீண்ட பதிவு. அவசரமாக பஸ் பிடிக்கப் போகிறவர்கள் இப்போது படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்து, கைப்பேசியை நிதானமாகப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் ஏரிகளைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்குக் கீழே, இப்போது பேரூராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், ஒரு ஆலையின் குழாய் ஏரியில் விழுந்தால் போட்டோ எடுத்து மேலே அனுப்பலாம். குழாயே இல்லாமல் ஏரி கெட்டுப்போனால் யார் மேல் எழுதுவது? எதைத்தான் அளப்பது?"

வகுப்பில் இருந்தபோது இவ்வளவு நல்ல கேள்வி அவன் ஒன்றும் கேட்டதில்லை! பதில் இரண்டு வரியில் வராது என்பதால் தனிப் பதிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு ஐம்பது வருஷமாக மல்லுக்கட்டிய ஓர் உள்ளூர் அரசாங்கம் ஜப்பானில் இருக்கிறது. அதன் வரலாறுதான் இது.

முதலில் இரண்டு சொற்கள். ஒரு வாய் வழியாக வந்து விழும் கழிவைப் புள்ளி மாசு என்பார்கள். ஆலைக் குழாய், ஊர்ச் சாக்கடையின் கடைசி முனை, இவையெல்லாம் அந்த வகை. அப்படி ஒரு வாயைக் காட்ட முடியாமல் ஆயிரம் வீட்டுச் சந்துகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் ரோட்டு மழைத் தண்ணீரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது பரவல் மாசு. முதலாவதில் திருடன் ஒருவன். இரண்டாவதில் ஊரே சேர்ந்து ஆளுக்கு ஒரு பிடி எடுத்திருக்கிறது.

ஜப்பானில் கியோட்டோ நகருக்குக் கிழக்கே ஷிகா என்று ஒரு மாகாணம். பரப்பளவு சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். நம் ஊர் மாவட்டம் ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆளுநரும், சட்டம் இயற்றும் பேரவையும் அதற்கு உண்டு. தலைநகர் ஓட்சு. இந்த மாகாணத்தின் நடுவில், அதன் பரப்பில் ஆறில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு கிடப்பதுதான் பிவா ஏரி. ஜப்பானின் மிகப் பெரிய ஏரி. சுமார் 670 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 100 மீட்டருக்கும் மேல். பிவா என்பது அவர்களுடைய ஒரு நரம்பு வாத்தியம். ஏரியின் வடிவம் அதைப் போல இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

சுற்றியுள்ள மலைகளிலிருந்து சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான ஆறுகளும் ஓடைகளும் உள்ளே வருகின்றன. இயற்கையாக வெளியே போகும் வழி ஒன்றே ஒன்றுதான், தெற்கே செட்டா ஆறு. அது கீழே போகப் போகப் பெயர் மாறி யோடோ ஆறாகி ஒசாகாவில் கடலில் சேர்கிறது. கியோட்டோவுக்கு 1890ஆம் ஆண்டிலேயே ஏரியிலிருந்து கால்வாய் வெட்டிவிட்டார்கள். கியோட்டோ, ஒசாகா, கோபே என்று இன்று ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் அளவில் குடிப்பது இந்தத் தண்ணீரை. நம் குடும்பத்திலேயே ஒருத்தி ஒசாகாவில் இருந்தபோது இரண்டு வருஷம் இதைத்தான் குடித்தாள். அது பிவா ஏரித் தண்ணீர் என்று அவளுக்கே தெரியாது. குழாயைத் திறந்தால் வந்தது, அவ்வளவுதான்.

பழைய காலத்தில் அந்த ஏரிக்கரை ஊர்களில் தண்ணீருக்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. வீட்டு வாசல் வழியாக ஓடும் ஓடையில் விடியற்காலையில் குடிதண்ணீர் எடுப்பார்கள். குழந்தையின் தீட்டுத் துணியை அந்த ஓடையில் அலசக் கூடாது. அதற்குத் தனி இடம். மனிதக் கழிவு தண்ணீருக்கே வராது. அது உரம், வயலுக்குப் போகும் சொத்து. ஏரியின் மேற்குக் கரையில் ஹரியே என்ற ஊரில் இன்றும் வீட்டுக்குள்ளே ஊற்றுத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டியில் கெண்டை மீன் வளரும். பாத்திரத்தில் ஒட்டிய சோற்றையும் காயையும் மீன் தின்றுவிடும். தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். நாம் விடுவதைத்தான் அடுத்த வீட்டுக்காரர் புழங்குவார் என்பதைக் கண்ணால் பார்க்கும்போது யாரும் எதையும் கொட்ட மாட்டார்கள். நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு நல்ல சுற்றுச்சூழல் பாடத்தைப் பார்த்ததில்லை.

1950களிலும் 60களிலும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. குழாய்த் தண்ணீர் வந்தது. வாஷிங் மெஷின் வந்தது. அதில் போட சோப்புக்குப் பதிலாக செயற்கை டிடர்ஜென்ட் தூள் வந்தது. ரசாயன உரம் வந்ததால் மனிதக் கழிவுக்கு வயலில் வேலை இல்லாமல் போனது. எல்லாம் வசதிதான், குறை சொல்ல மாட்டேன். குளிர்கால ஓடைத் தண்ணீரில் கை விறைக்கத் துணி அலசிய பெண்களுக்கு அந்த மெஷின் எவ்வளவு பெரிய விடுதலை என்று என் அம்மாவின் கைகளைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் உள்ளே வர வழி செய்தவர்கள் வெளியே போக வழி செய்யவில்லை. ஷிகாவில் அப்போது பாதாளச் சாக்கடை மிகச் சில வீடுகளுக்குத்தான் இருந்தது. சமையலறை, குளியலறைத் தண்ணீரெல்லாம் வாசல் ஓடையில் இறங்கி, ஆற்றில் கலந்து, ஏரிக்குப் போனது.

1969இல் கியோட்டோ மக்களின் குழாய்த் தண்ணீரில் பூஞ்சை வாடை அடித்தது. அதுதான் முதல் மணி. 1977 மே மாதம் ஏரியின் மேல் செம்பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாகத் தண்ணீர் நிறம் மாறியது. மீன் கவிச்சி போல நாற்றம். கடலில்தான் இதைச் "செவ்வலை" என்று கேள்விப்பட்டிருந்தார்கள், நல்ல தண்ணீர் ஏரியில் இவ்வளவு பெரிதாக வந்தது அவர்களுக்குப் பேரதிர்ச்சி. காரணம் யூரோக்ளீனா என்ற நுண்பாசி. அதற்குத் தீனி நைட்ரஜனும் பாஸ்பரஸும்.

இங்கே கொஞ்சம் வேதியியல், பயப்படாதீர்கள். பாசி வளர எல்லாச் சத்தும் வேண்டும். ஏரிகளில் பெரும்பாலும் மிகக் குறைவாக இருப்பது பாஸ்பரஸ். கல்யாணச் சமையலில் அரிசி, பருப்பு, காய் எல்லாம் மூட்டை மூட்டையாக இருந்து உப்பு மட்டும் இல்லாவிட்டால் பந்தி நடக்காது அல்லவா? உப்பு வந்து இறங்கிய மறு நிமிஷம் பந்தி தொடங்கும். பாஸ்பரஸ் அந்த உப்பு. அந்தக் கால டிடர்ஜென்ட் தூளில், தண்ணீரின் கடினத்தைப் போக்கி நுரை நன்றாக வருவதற்காகப் பாஸ்பேட் சேர்த்திருந்தார்கள்.

இனி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஏரி சிவப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஷிகாவின் குடும்பப் பெண்கள் செயற்கை டிடர்ஜென்ட்டை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கவலை ஏரி அல்ல. தங்கள் கையில் வரும் தோல் வெடிப்பு, குழந்தைக்குத் துணி கட்டும் இடத்தில் வரும் சிவப்புத் தடிப்பு. பழைய சோப்புத்தூளுக்கே திரும்புவோம் என்று சிறு சிறு குழுக்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1977இல் ஏரி சிவந்ததும் இந்தக் குரலுக்குத் திடீரென்று ஊர் முழுவதும் காது கிடைத்தது. நாம் தினமும் துவைக்கிற தண்ணீர்தான் அங்கே போய்ச் சிவக்கிறது என்ற எண்ணம் வீடு வீடாகப் போயிற்று. 1978இல் சோப்புத்தூள் பயன்படுத்துவோம் என்பது மாகாணம் தழுவிய மக்கள் இயக்கமானது. பொரித்த எண்ணெயை வீட்டில் கொட்டாமல் சேர்த்து, அதிலிருந்தே சோப்பு செய்தார்கள். கொட்டினால் அதுவும் ஏரிக்குத்தான் போகும், சேர்த்தால் சோப்பு. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

அப்போது ஆளுநர் தகேமுரா மசயோஷி. 1974இல் நாற்பது வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர். பிற்காலத்தில் ஜப்பானின் நிதி அமைச்சராகவும் ஆனார். மக்கள் இயக்கத்தின் தோளில் ஏறி அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். 1979 அக்டோபரில் ஷிகா பேரவை ஒரு சட்டம் நிறைவேற்றியது. பாஸ்பரஸ் கலந்த டிடர்ஜென்ட்டை மாகாணத்துக்குள் விற்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது, பரிசாகக் கொடுக்கவும் கூடாது. பரிசு எங்கிருந்து வந்தது என்று சிரிக்காதீர்கள். ஜப்பானில் ஆண்டுக்கு இரண்டு முறை உறவினருக்கும் மேலதிகாரிகளுக்கும் பரிசுப் பெட்டி அனுப்பும் வழக்கம் உண்டு. அதில் டிடர்ஜென்ட் பெட்டி சர்வசாதாரணம். சட்டம் எழுதியவர்கள் ஊரின் பழக்கம் தெரிந்தவர்கள். அதே சட்டம் ஆலைக் கழிவில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வரம்பு வைத்தது. தேசிய அரசு இந்த இரண்டுக்கும் ஏரிகளுக்கான தர அளவு வகுத்தது 1982இல்தான். அதாவது ஒரு மாகாணம் தலைநகரத்தை முந்திக்கொண்டது.

டிடர்ஜென்ட் தயாரிப்பாளர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. ஓர் உள்ளூர் சட்டம் நாடு முழுவதும் விற்கும் பொருளைத் தடுக்கலாமா, தொழில் உரிமை என்ன ஆவது என்று வாதிட்டது. சட்டம் நின்றது. 1980 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளைத்தான் இன்றும் அங்கே பிவா ஏரி நாள் என்று கொண்டாடி, கூட்டமாகக் கரைக்குப் போய்ச் சுத்தம் செய்கிறார்கள். சோப்புத்தூள் பயன்படுத்தும் வீடுகள் அந்த ஆண்டில் நூற்றுக்கு 70 அளவுக்கு உயர்ந்தன. அடுத்த ஆண்டே இபராகி மாகாணம் தன்னுடைய கசுமிகவுரா ஏரிக்கு இதே போல ஒரு சட்டம் செய்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்கு மேல் நடந்ததுதான் முக்கியம்.

சட்டம் தடுத்தது பாஸ்பரஸை. பெண்கள் எதிர்த்தது செயற்கை டிடர்ஜென்ட்டை. இரண்டும் ஒன்றல்ல. நிறுவனங்கள் உடனே பாஸ்பேட்டை எடுத்துவிட்டு ஜியோலைட் என்ற பொருளைச் சேர்த்து, "பாஸ்பரஸ் இல்லாதது" என்று பெட்டியில் அச்சடித்து விற்றன. சட்டப்படி தவறே இல்லை. மக்கள் அதற்கு மாறினார்கள். சோப்புத்தூளின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. எதை அளந்தார்களோ அது குறைந்தது. எது முதலில் அந்தப் பெண்களின் கையை அரித்ததோ அது அளவுகோலுக்கு வெளியே நின்றுவிட்டது. அளக்கிற பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

ஏரியும் சொன்னபடி கேட்கவில்லை. செவ்வலை அடுத்த பல வசந்த காலங்களிலும் வந்தது. 1983இல் தெற்குப் பகுதியில் பச்சைப் பாசிப் படலமும் முதன்முறையாகப் படர்ந்தது. பாதாளச் சாக்கடையைப் பெரும் செலவில் போட்டுக்கொண்டே வந்தார்கள். பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் எடுக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். இன்று ஷிகாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதாளச் சாக்கடை வசதி உண்டு. வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் குறையக் குறைய, மிச்சம் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். வயல், தெரு, மழை.

இங்கேதான் என் மாணவன் கேட்ட "எதை அளப்பது" வருகிறது. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓர் ஆற்றில் விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது. ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அப்படியானால் ஒரு நாளில் ஏரிக்குப் போவது 8.64 கிலோ. இப்போது பலத்த மழை. ஆற்றில் தண்ணீர் 20 மடங்கு, மண் கரைந்து வருவதால் பாஸ்பரஸ் அளவு 3 மடங்கு என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 60 மடங்கு. ஒரே நாளில் 518 கிலோ. அதாவது இரண்டு மாதம் வெயில் நாட்களில் போவது ஒரே மழை நாளில் போய்விட்டது.

அலுவலகம் என்ன செய்யும்? மாதம் ஒரு தடவை, குறித்த தேதியில், பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும்போது பாட்டிலில் தண்ணீர் எடுக்கும். ஆய்வுக்கூடம் "பரவாயில்லை" என்று சீட்டு தரும். அந்தச் சீட்டில் பொய் இல்லை. ஆனால் திருடன் வராத நாளில் மட்டும் காவலுக்கு உட்கார்ந்திருந்தோம். பரவல் மாசை அளக்க நினைக்கிறவர் மழையில் நனைய வேண்டும், வெள்ளம் ஏறும்போது மணிக்கொரு பாட்டில் எடுக்க வேண்டும், தண்ணீரின் தரத்தோடு அதன் அளவையும் குறிக்க வேண்டும். ஆள் வேண்டும், பணம் வேண்டும். ஆகவே உள்ளாட்சிகள் உலகம் முழுவதும் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கின்றன. தலைக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு அலகு வைத்து, எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிவிடுவார்கள். ஜப்பானிலும் ஏரித் திட்டங்களுக்கு இந்த முறைதான் அடிப்படை. திட்டம் போட உதவும். ஆனால் ஒரு விவசாயி தன் வயலில் கவனமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கணக்கில் விழும் எண் ஒன்றேதான். நல்ல பிள்ளைக்கும் குறும்புக்காரப் பிள்ளைக்கும் வகுப்புச் சராசரியை மதிப்பெண்ணாகப் போடுவது போல.

வயலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஷிகாவின் விளைநிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் நெல் வயல். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் சேற்றுழவு. வயலில் தண்ணீர் கட்டி, கலக்கி, சமன் செய்து நாற்று நடுவார்கள். அப்போது மடையைத் திறந்தால் மண்ணும் உரமும் கரைந்த கலங்கல் தண்ணீர் வடிகால் வழியாக ஏரிக்குப் போகும். கரையோரம் காபி நிறத்தில் நாக்கு நீட்டியது போலத் தெரியும். விவசாயி கெட்டவரா? பழைய காலத்தில் ஒரு வயலில் வடிந்த தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாய்ந்தது. தண்ணீர் அரிது, ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டிக் காவல் காத்தது. பிறகு அரசாங்கமே பெரும் திட்டங்கள் போட்டு வயல்களைச் சதுரமாக்கி, பாசன வாய்க்காலையும் வடிகாலையும் தனித்தனியாகப் பிரித்து, ஏரித் தண்ணீரை பம்பு வைத்து மேலே ஏற்றி, வயலுக்கு வயல் திருகுகுழாய் வைத்துக் கொடுத்தது. திறந்தால் தண்ணீர். வழிந்தால் வடிகால். அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே போய்விட்டது.

போதாததற்கு, பெரும்பாலோர் வார நாட்களில் ஆலைக்கோ அலுவலகத்துக்கோ போகும் பகுதிநேர விவசாயிகள். மே மாதத் தொடக்கத்தில் அங்கே தொடர் விடுமுறை வரும். அந்த நாலு நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் சேற்றுழவு செய்து நட்டுவிட வேண்டும். தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நாள் மடையை அடைத்து வைக்க யாருக்கு நேரம்? எல்லோரும் நியாயமாக நடந்துகொண்டு ஓர் ஏரியைக் கலக்குகிறார்கள். இதில் யார் மேல் புகார் எழுதுவது?

ஷிகா புகார் எழுதவில்லை. 2003இல் இன்னொரு சட்டம் போட்டது. ரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் வழக்கமான அளவில் பாதிக்குக் குறைத்து, கலங்கல் தண்ணீரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும் விவசாயி மாகாணத்தோடு ஒப்பந்தம் செய்யலாம். விளைபொருளுக்கு ஒரு முத்திரை கிடைக்கும். 2004 முதல் நேரடியாகப் பணமும். ஜப்பானில் இப்படி ஒரு மாகாணம் பணம் கொடுத்தது அதுவே முதல் முறை. பிறகுதான் தேசிய அரசு அந்த வழியில் வந்தது. வரப்பை இறுக்கமாக அணைத்துக் கட்டுவது, தண்ணீரைக் குறைவாக வைத்து உழுவது, தெளியும்வரை மடையை அடைப்பது, இவ்வளவுதான் செய்ய வேண்டியது. நம் தாத்தாக்களுக்கு இதைச் சொன்னால் "இதுக்கெல்லாம் காசா?" என்று கேட்பார்கள்.

இதைக் கண்காணிப்பது எப்படி? இந்தக் கலங்கலுக்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். ஒரு கண்ணாடிக் குழல். அடியில் வெள்ளைத் தட்டில் கறுப்புச் சிலுவைக் குறி. வடிகால் தண்ணீரை ஊற்றி, மேலிருந்து பார்த்துக்கொண்டே கீழே திறந்து வடிய விட வேண்டும். குறி கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று படிக்க வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் சாதாரணமாக இருக்கும் கருவி. ஏரிக்கு இதன் அண்ணன் செக்கி தட்டு. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வானியல் அறிஞர். 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் உலகத்தின் ஏரி ஆராய்ச்சியாளர்கள் அதை விடவில்லை.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடா யுகிகோ என்ற சமூகவியல் அறிஞர். 1982இல் மாகாணம் தொடங்கிய பிவா ஏரி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். விஞ்ஞானிகள் நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று பேசும்போது ஊர் மக்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். ஒரு லிட்டரில் 0.02 மில்லிகிராம் என்றால் எந்தப் பாட்டிக்கு என்ன தெரியும்? அதனால் அவர் வேறு கேள்வி கேட்டார். உங்கள் வாசல் ஓடையில் மின்மினி இருக்கிறதா? முன்பு இருந்ததா? 1989 முதல் பத்து ஆண்டுகள் மின்மினி கணக்கெடுப்பு நடந்தது. ஜப்பானின் வானிலைத் தானியங்கி வலையமைப்புக்கு "அமெடாஸ்" என்று பெயர். இவர்கள் தங்கள் கணக்கெடுப்புக்கு விளையாட்டாக "ஹோதாருடாஸ்" என்று வைத்தார்கள். ஹோதாரு என்றால் மின்மினி.

அங்கே உள்ள ஒரு வகை மின்மினியின் புழு ஓடைக்குள் வாழ்ந்து நத்தையைத் தின்று வளரும். பிறகு கரை மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். ஆகவே மின்மினியைத் தேடிப் போனவர், தண்ணீர் எப்படி, நத்தை இருக்கிறதா, கரை மண்ணா சிமெண்டா, தெருவிளக்கு எவ்வளவு வெளிச்சம் என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டார்கள். குழந்தைகள் தாத்தாவிடம் போய்ப் பழைய ஓடையைப் பற்றிக் கேட்டார்கள். ஆய்வுக்கூடத்து எண் ஒன்றால் வராத பேச்சு இதனால் வந்தது. கடா 2006இல் ஷிகாவின் முதல் பெண் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2014 வரை இருந்தார்.

இன்னொன்று, ஆசிரியை என்ற முறையில் எனக்குப் பொறாமையே வந்தது. 1983 முதல் ஷிகா மாகாணத்தின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் "உமி நோ கோ" என்ற மிதக்கும் பள்ளிக் கப்பலில் ஒரு ராத்திரி தங்கி ஏரியைப் படிக்கிறார்கள். ஏரியின் பிள்ளை என்று பொருள். தண்ணீரில் தட்டை இறக்கித் தெளிவைப் பார்க்கிறார்கள், ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாசியைப் பார்க்கிறார்கள். இதுவரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய் வந்திருக்கிறார்கள். நான் அதிக வருஷம் எடுத்ததும் ஐந்தாம் வகுப்புதான். எனக்கு ஒரு கப்பல் கிடைத்திருந்தால் உங்களில் சிலரைத் திரும்பக் கரைக்குக் கொண்டு வந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

சரி, ஏரி இப்போது நன்றாக இருக்கிறதா? இதற்கு நேர் பதில் கிடைக்காது, ஏன் என்றும் சொல்கிறேன். தண்ணீரில் உள்ள கரிம அழுக்கை அளக்க இரண்டு பழைய முறைகள் உண்டு. ஐந்து நாளில் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்ப்பது ஒன்று, பி.ஓ.டி. ரசாயனத்தால் எரித்துப் பார்ப்பது இன்னொன்று, சி.ஓ.டி. இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிவா ஏரியில் 1980களின் நடுவிலிருந்து இரண்டும் பிரிந்துவிட்டன. பி.ஓ.டி. இறங்கியது. சி.ஓ.டி. இறங்கவில்லை, ஏறவும் செய்தது. நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாத ஏதோ ஒன்று தங்குகிறது. அது காட்டு மண்ணிலிருந்தா, வயலிலிருந்தா, ஏரிக்குள்ளேயே பாசி செத்து உண்டாவதா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. ஏரிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் சி.ஓ.டி. அதனால் தண்ணீர் கண்ணுக்குத் தெளிந்து, பாஸ்பரஸ் குறைந்து, செவ்வலையும் அடங்கிய பிறகும் ஏரி "தேர்ச்சி பெறவில்லை" என்றே அறிக்கை வருகிறது.

மீனவர்கள் சொல்வது இன்னும் வேறு. தண்ணீர் தெளிந்துவிட்டது, வலையில் மீன் இல்லை என்கிறார்கள். முன்பெல்லாம் மே மாத மழையில் ஏரி மீன்கள் வாய்க்கால் ஏறி வயலுக்குள் வந்து முட்டையிடும். வடிகாலை ஆழமாக வெட்டியதும் அந்த வழி அடைபட்டது. இப்போது சில ஊர்களில் வடிகாலில் பலகைகளைப் படிப்படியாக வைத்துத் தண்ணீரை உயர்த்தி, மீன்களை மறுபடி வயலுக்கு ஏற்றுகிறார்கள். அந்த வயல்களின் அரிசியை மீன் தொட்டில் அரிசி என்று பெயரிட்டு விற்கிறார்கள். குஞ்சு மீன்கள் எத்தனை ஏரிக்குத் திரும்பின என்று வடிகால் வாயில் வலை வைத்து ஊர்க்காரர்களும் பிள்ளைகளும் எண்ணுகிறார்கள். 2022இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு பிவா ஏரியின் மீன்பிடிப்பையும் வயலையும் சேர்த்து உலக வேளாண் மரபுச் சொத்தாக அறிவித்தது.

வெள்ளைத் தட்டும் கண்ணாடிக் குழலும் வீட்டுச் சாமான்களை வைத்தே செய்யலாம். பழைய எவர்சில்வர் தட்டு, பெயிண்ட், கொடிக் கயிறு போதும். செய்முறை வேண்டுமென்று கருத்துப் பெட்டியில் கேட்பவர்களுக்கு நாளை படம் போட்டு எழுதுகிறேன். இன்றைக்கு இதற்கு மேல் தட்டச்சு செய்யக் கண் ஒத்துழைக்கவில்லை.